கடலடி வேலைக்குப் புவிச்சரிதவியல் படிக்கும் மலையக மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டன், பதுளை, நுவரெலியாப் பக்கமிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து புவிச்சரிதவியலைத் தெரிவு செய்யும் பிள்ளைகளில் சிலர், கடலில் வேலை என்றதும் எண்ணெய்க் கிணற்றை மட்டுமே நினைக்கிறார்கள். 2011 இல் இலங்கையின் வடமேற்குக் கடலிலுள்ள மன்னார்ப் படுகையில் கெய்ர்ன் என்ற எண்ணெய் அகழ்வு நிறுவனம் தோண்டிய டொராடோ, பராகுடா ஆகிய கிணறுகளில் எரிவாயு கண்டறியப்பட்டது உண்மைதான். ஆனால் 2015 இல் அந்த நிறுவனம் வெளியேறிவிட்டது. வணிக அளவிலான உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. ஆகவே ஒரே படுகையை நம்பி நான்கு வருடப் படிப்பைத் திட்டமிடக் கூடாது. காற்றாலைக்கு அடித்தளம் இடுவோரும், கடலடி இணையக் கேபிள் பதிப்போரும், குழாய் பதிப்போரும், துறைமுகம் ஆழப்படுத்துவோரும் முதலில் கேட்பது கடலடியின் மேற்பகுதியில் உள்ள சில பத்து மீற்றர் சேற்றையும் மணலையும் பற்றித்தான்.

இதிலிருந்தே அடுத்த தவறு பிறக்கிறது. இலங்கை நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை என்பதால், நமது களப் பயணங்களில் சார்னோக்கைற்றையும் நைஸையும் சலவைக்கல்லையும் இனங்காண நன்றாகப் பழகிவிடுகிறோம். அடையல்கள் (நீரடியில் படியும் சேறு, மணல் போன்றவை), மண் பொறிமுறை, புவிப்பௌதிகவியல் ஆகியவற்றைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடலடி ஆய்வுக் கப்பலிலோ, 10 சதுர சென்ரிமீற்றர் குறுக்குப் பரப்புள்ள ஒரு கூம்பைச் செக்கனுக்கு 2 சென்ரிமீற்றர் வேகத்தில் மண்ணுக்குள் அழுத்தி, முனைத் தடை, பக்க உராய்வு, நுண்துளை நீரழுத்தம் ஆகிய மூன்றையும் அளந்து, அது களியா மணலா, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

மலையில் கற்றது கடலுக்கு உதவாது என்று எண்ணுவதை எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளை மூடிய மண்சரிவை நம்மில் யாரும் மறக்கவில்லை. மழைநீர் மண்ணின் நுண்துளைகளில் நிரம்பி அழுத்தம் கூடும்போது மண்துகள்களுக்கிடையிலான பிடிப்புத் தளர்வதையே அத்தகைய சரிவுகளின் விளக்கமாக விரிவுரையில் கேட்கிறோம். கடலடிச் சாய்விலும் அதே பௌதிகம்தான் இயங்குகிறது. அங்கே மழைக்குப் பதிலாக, விரைந்து படியும் அடையலின் பாரம் அந்த அழுத்தத்தை உண்டாக்குகிறது. ஏறக்குறைய 8,200 வருடங்களுக்கு முன் நோர்வேக் கரைக்கு அப்பால் ஸ்ரோரெக்கா என்னுமிடத்தில் சுமார் 3,000 கன கிலோமீற்றர் அடையல் சரிந்தது. அந்தச் சரிவின் வடுவுக்குள்ளேயே ஓர்மன் லாங்க எரிவாயு வயல் இருப்பதால், மீண்டும் சரியுமா என்பதை நீண்ட ஆய்வால் உறுதிப்படுத்திய பின்னரே 2007 இல் உற்பத்தி தொடங்கியது. ஆகவே ஆய்வுக்கட்டுரைக்கு ஊரிலுள்ள ஒரு சரிவை எடுத்து நுண்துளை நீரழுத்தத்தைக் கவனமாக ஆராயும் மாணவி, கடலடிச் சாய்வுகளை ஆராயும் குழுவொன்றில் சேர ஏற்ற பயிற்சியையே பெறுகிறாள்; நேர்முகத் தேர்வில் அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தவர்கள் கணிதத்தைத் தவிர்த்தே பட்டத்தை முடிக்கப் பார்ப்பதும் உண்டு. அதன் விளைவு, கடலடிக்கு ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் பெறும் நில அதிர்வுப் படத்தை வாசிக்கும்போது தெரியும்: படத்தின் நிலைக்குத்து அச்சு பெரும்பாலும் ஆழத்தைக் காட்டுவதில்லை, ஒலி போய்த் திரும்பிய நேரத்தையே காட்டுகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் என்பதால் 100 மில்லிசெக்கன் நீரில் 75 மீற்றரைக் குறிக்கும். செக்கனுக்கு 2,000 மீற்றர் வேகமுள்ள அடையலில் அதே நேரம் 100 மீற்றராகும். இந்த வேறுபாட்டைக் கவனியாமல் எழுதப்படும் ஆழக் கணக்கு, அத்திவாரத்தையே தவறான மண்படையில் நிறுத்திவிடும். பைதன் மொழியில் சிறு கணக்குகளை எழுதவும், இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடம் ஆக்கவும் இரண்டாம் வருடத்திலேயே பழகிக்கொள்வது நல்லது. அறிக்கைகள் ஆங்கிலத்தில் என்பதால் அந்த எழுத்துப் பயிற்சியும் வேண்டும்.

நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடல்சார் தளங்களுக்குச் செல்வோருக்கான பொசியற் (BOSIET) எனும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியின் சான்றிதழ் நான்கு வருடங்களுக்கே செல்லுபடியாகும். வேலை உறுதியாகும் முன் கடன் வாங்கி அதைப் பெற்றால், வேலை கிடைக்கும் நேரத்தில் அது காலாவதியாகியிருக்கலாம். அந்தச் செலவை வேலை தருபவர் ஏற்பாரா என்று முதலில் கேளுங்கள். ஆனால் அந்தப் பயிற்சியில், நீருக்குள் கவிழ்த்த ஹெலிகொப்டர் மாதிரியிலிருந்து வெளியேற வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. நீச்சல் குளத்தையே காணாமல் வளர்ந்த நம் பிள்ளைகள் அங்கே தண்ணீருக்கு அஞ்சி நிற்காதிருக்க, நீந்துவதை முதல் வருடத்திலேயே கற்கத் தொடங்க வேண்டும்.