திருகோணமலையில் டொங்கிளை நம்பி பைதான் நூலகத்தைச் சோதிப்பது

பைதானோடு வரும் நிலையான நூலகத்தைச் சோதிக்க அதன் மூலநிரலை இறக்கி பில்ட் செய்ய வேண்டும். மூலநிரலின் முழு மாற்ற வரலாறும் வேண்டாம். அதை இறக்கும் கிட் குளோன் கட்டளையில் டெப்த் 1 (கடைசி நிலை மட்டும்) கொடுத்தால் டேட்டா மிஞ்சும். உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எல், லிப்எஃப்எஃப்ஐ, இசட்லிப் என்ற மூன்று நூலகங்களின் டெவ் பொதிகளையும் (பில்டுக்குத் தேவையான கோப்புகள்) முதலிலேயே போடுங்கள். இல்லாவிட்டாலும் பில்ட் முடியும், ஆனால் அவற்றுக்கான சோதனைகள் ஓடாமலே ‘ஸ்கிப்’ ஆகிவிடும். பிழை என்று எதுவும் வராது. அதனால் பில்ட் செய்யும் ‘மேக்’ கட்டளை முடிந்ததும் கடைசியில் வரும் ‘கிடைக்காத மொடியூல்கள்’ பட்டியலைக் கட்டாயம் வாசியுங்கள்.

மேக்குக்கு முன் ஓட்டும் கன்ஃபிகருக்கு வித்-பைடிபக் (பிழை தேடும் பில்டுக்கான தெரிவு) கொடுங்கள். ‘மேக் டெஸ்ட்’ இணையச் சோதனைகளையும் ஓட்டும். டொங்கிளில் அது வேண்டாம். உருவான பைதானையே ‘-எம் டெஸ்ட் -ஜே2 -டபிள்யூ’ என்று ஓட்டுங்கள். தோற்றவை மட்டும் விரிவான வெளியீட்டோடு மறுபடி ஓடும். வெப்பமான கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் மடிக்கணினி சூடேறி வேகம் குறையும். ஒரே நேரத்தில் ஓடும் சோதனைகளைக் குறிக்கும் ஜே எண்ணைக் கூட்டினால் டைம்அவுட் தோல்விகள்தான் கூடும். அப்படித் தோற்றதைத் தனியே ஓட்டிப் பார்க்காமல் பக் என்று அறிவிக்காதீர்கள். சூடோ போட்டு ஓட்டவும் கூடாது: அது தரும் ரூட் (நிர்வாகி) உரிமைக்கு எந்தக் கோப்பும் திறக்கும், அனுமதிச் சோதனைகள் குழம்பும்.

ஆசியா/கொழும்பு நேர வலயத்துக்குப் புதுச் சோதனை எழுதினால் யூடிசி (உலகப் பொது நேரம்) வித்தியாசத்தை 5:30 என்று நிலையாகப் பதிக்காதீர்கள். இலங்கை அதை மாற்றியிருக்கிறது: 1996 மே மாதம் 6:30, அதே ஆண்டு ஒக்டோபரில் 6:00, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30. மாற்றம் நடந்த நொடிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நேரத்தைச் சோதியுங்கள்.