சேணத் தோலில் பூசணம்: நான் செய்வது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா வீடுகளில் பூட்டிவைத்த சேணமும் கடிவாள வாரும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். பக்கிள்களைக் கழற்றி, வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். அறைக்குள் தட்டினால் பூசணத்தின் வித்துத்தூள் மற்ற தோலிலும் ஏறும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். சாயம் போகிறதா என்று முதலில் மறைவான இடத்தில் பாருங்கள். தையல் ஓரத்துக்கும் பக்கிள் மடிப்புக்கும் பழைய டூத்பிரஷ்தான் சரி. பிறகு சேடில் சோப்பு (தோல் சாமான்களைச் சுத்தம் செய்யும் சோப்பு) போட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுவேன். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். முழுக்கக் காய்ந்தபின் தோல் எண்ணெய் மெல்லிசாக ஒரே பூச்சு. அதிகமானால் அதுவே பூசணத்துக்குத் தீனி. பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், பழைய பருத்தி வேட்டி போதும். சுவரில் ஒட்டாமல் தொங்கவிட்டு, மழை மாதங்களில் வாரம் ஒருமுறை துடையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குத்தான் உதவும். திறந்த அறையில் வீண்.