ராமேஸ்வரத்தில் ஒரு நாள்: வரிசை தவறும் இடங்கள்

ஒரே நாளில் ராமேஸ்வரம் போய்வருகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் வரிசையில்தான் நடக்கின்றன. முதலில் கடல், பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தக் கிணறுகள், உலர்ந்த உடை, விஸ்வநாதர், ராமநாதர், அம்பாள். நேரம் போதவில்லை என்று இதில் ஒன்றை முன்பின்னாக மாற்றும்போது, அந்த வரிசைக்குள் இருக்கும் பொருளும் சேர்ந்து போய்விடுகிறது.

முதல் சிக்கல் விடியலிலேயே வரும். ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 முதல் 6 மணி வரைதான். கடலில் நீராடும் இடமான அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு அதற்கு ஓடுகிறவர்களைச் சந்நிதியில் அனுமதிக்க மாட்டார்கள்; ஈர உடையோடு கருவறைப் பக்கம் போகக் கூடாது. இரண்டும் வேண்டும் என்றால் நாலரை மணிக்கு அறையிலேயே குளித்து, உலர்ந்த வேட்டி அல்லது புடவையில் ஸ்படிக லிங்கத்தைப் பார்த்துவிட்டு, அதன்பின் கடலுக்கு வர வேண்டும். பகல் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் தீர்த்தமாடி முடிப்பதற்குள் சந்நிதி மூடியிருக்கும்.

கடற்கரையில் தர்ப்பணம் செய்கிறவர்கள் மூன்று தலைமுறைப் பெயர்களையும் கோத்திரத்தையும் வீட்டிலேயே தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயர் நினைவிருக்கும், கொள்ளுப்பாட்டியின் பெயர் வராது. அலைக்கு முன்னால் உட்கார்ந்து ஊருக்குப் போன் செய்து கேட்கும்போது மனம் எங்கோ போய்விடும். தட்சிணையையும் உட்காரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். குளித்த துணியைக் கடலில் விடுவது பாவத்தைக் கழிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் துணி அடுத்து முழுகுகிறவரின் காலில் சுற்றும், மீனவர் வலையில் சிக்கும்.

கோயிலுக்குள் தீர்த்தமாடச் சீட்டு வாங்கித்தான் போக வேண்டும். தனியே அழைத்துப் போகிறேன் என்பவரின் பின்னால் போனால், பாதிக் கிணறுகளோடு வெளியே வந்து நிற்க நேரும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனத்து நடையைக் கெடுக்கும். அடர் நிறப் பருத்தி உடை நல்லது. தளர்ந்த மோதிரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் முன்பே கழற்றிவிடுங்கள், வாளித் தண்ணீர் தலையில் விழும் வேகத்தில் நழுவிவிடும். கருங்கல் தரை எப்போதும் ஈரம். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும். குழுவில் ஒருவர் நனையாமல், மாற்று உடைப் பையோடு இருந்தால் எல்லோருக்கும் உதவி. கைபேசிக்குக் கோயிலில் அனுமதி இல்லை.

கூட்டமில்லாத நாளில் 22 கிணறுகளிலும் நீராட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஆடி, தை அமாவாசைகளில் எவ்வளவு ஆகும் என்று சொல்லவே முடியாது. எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் பலர் கிணற்றின் பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. காயத்ரி, நளன், நீலன், சங்கு, சக்கரம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயா என்று அந்தப் பெயர்களில் ஒரு தேசமே இருக்கிறது. ஒவ்வொரு வாளிக்கும் முன்னால் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், அது போதும். 22ஆவதான கோடி தீர்த்தத்தோடு நீராடல் நிறைவு. அதன் பிறகு எங்கும் நனையாமல் உடை மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நேரே ராமநாதர் சந்நிதிக்கு ஓடுவது. ராவணன் புலஸ்தியரின் பேரன் என்பதால் அவனைக் கொன்ற தோஷம் தீர ராமர் இங்கே சிவபூஜை செய்தார் என்பது தல வரலாறு. லிங்கம் கொண்டுவரக் கைலாயம் போன அனுமன் வரத் தாமதமானது. குறித்த நேரம் தப்பக்கூடாது என்று சீதை மணலில் பிடித்த லிங்கமே ராமநாதர். பிறகு வந்த அனுமனின் மனம் நோகாதபடி, அவன் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூஜை என்று ராமர் சொன்னார். அதுதான் வடக்குப் பக்கம் இருக்கும் விஸ்வநாதர். தாமதமாக வந்தவனின் உழைப்புக்கு முதல் மரியாதை கொடுத்த தலம் இது. வீட்டில் யாருடைய உழைப்பை, பிந்தி வந்தது என்பதற்காக நாம் தள்ளிவைத்தோம் என்று அந்தச் சந்நிதியில் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். வென்றவரே பாவம் தீர வந்து நின்ற ஊரில், நாமும் வேண்டுதல் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, செய்த ஒரு தவற்றையாவது மனதில் ஏந்திப் போவதே பொருத்தம். ராமநாதருக்கு வலப்புறம் பர்வதவர்த்தினி அம்பாள். 1212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தைத் தரிசனத்துக்குப் பிறகு நடந்து பாருங்கள், முன்னால் வேண்டாம், கால் ஓய்ந்துவிடும்.

மதியத்துக்கு மேல் தனுஷ்கோடி. அதே நாளில் சுற்றுவட்டாரத் தலங்களான தேவிபட்டினம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவும் மனதில் தங்காது. வழியிலேயே கோதண்டராமர் கோயில் இருக்கிறது, விபீடணன் சரணடைந்த இடம் என்பார்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு மாலை மங்கும் முன் போய்த் திரும்பிவிடுங்கள், இருட்டும் வேளையில் போலீசார் அங்கே நிற்கவிட மாட்டார்கள். ஒரு பக்கம் அமைதியான பெண் கடல், மறுபக்கம் கொந்தளிக்கும் ஆண் கடல்; இரண்டும் சேரும் முனையில் இழுப்பு அதிகம் என்பதால் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் மூழ்கியது. இடிந்த தேவாலயச் சுவரில் ஏறிப் படம் எடுக்கும் முன், அங்கே குடும்பங்களே போயிருக்கின்றன என்பதை உடன் வந்த பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பத்து நிமிடம் அவர்களையும் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள்.