குளிர்கால யன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டுவது எப்படி (ரேப், அதாவது ஒட்டுநாடா, கழன்று விழாமல்)

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருப்பது ஒரு பழைய வீட்டின் மேல்தளம். யன்னல்கள் எல்லாம் தனிக் கண்ணாடி, மரச்சட்டம். முதல் குளிர்காலத்தில் கட்டிலை யன்னலோரம் போட்டுவிட்டுக் கம்பளித் தொப்பியோடு படுத்தோம். சூடாக்குவது சுவரோரம் ஓடும் மின்சார ஹீற்றர், அதன் பில் எங்கள் தலையில். யன்னலை மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டேன். "வாற வருசம் பாப்பம் தம்பி" என்றார். வாற வருசம் வந்தும் போய்விட்டது. அதனால்தான் இந்தப் பிளாஸ்ரிக் வேலையில் இறங்கினேன்.

முதல் முறை ஒட்டியது இரண்டே நாளில் மொத்தமாகக் கழன்று கட்டிலில் விழுந்தது. இப்போது மூன்றாவது குளிர்காலம், ஒன்றும் விழவில்லை. இடையில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

குளிரைத் தடுப்பது அந்த மெல்லிய பிளாஸ்ரிக் அல்ல. அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிறைப்படும் காற்று. கண்ணாடி கடத்துவதில் ஏறக்குறைய 40இல் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் அசையாத காற்று கடத்தும். கணக்குப் போட்டுப் பார்த்தால், 3 அடிக்கு 5 அடி தனிக் கண்ணாடி யன்னல் வழியாக, உள்ளே 20 பாகை, வெளியே மைனஸ் 15 என்றால், 280 வாட் அளவு வெளியே போகிறது. பிளாஸ்ரிக் நன்றாக ஒட்டினால் அது கிட்டத்தட்டப் பாதியாகும். ஏற்கெனவே நல்ல இரட்டைக் கண்ணாடி யன்னல் உள்ளவர்களுக்கு இவ்வளவு பலன் கிடைக்காது. காற்று கசிந்தால் மட்டும் மினக்கெடுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஊதுபத்தி போதும். காற்றடிக்கிற நாளில் கொளுத்தி, யன்னல் விளிம்போரம் மெதுவாக நகர்த்துங்கள். புகை நேரே மேலே போனால் சரி. ஒரு இடத்தில் வளைந்து ஆடினால் அங்கே ஓட்டை. திரைச்சீலையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பெரிய ஓட்டையென்றால் அதை முதலில் கோக் (வெடிப்புகளை அடைக்கும் பசை) வைத்தோ, நுரைப் பட்டி ஒட்டியோ அடையுங்கள். பிளாஸ்ரிக் அதற்கு மருந்தல்ல.

வாங்க வேண்டியவை

ஐந்து யன்னலுக்கான பெட்டி என்று விற்பார்கள்: 62 அங்குல அகலம், 210 அங்குல நீளத்தில் சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்ரிக், கூடவே இரண்டு பக்கமும் ஒட்டும் ரேப். த்ரீ எம், ஃப்ரொஸ்ட் கிங் இரண்டையும் பாவித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது த்ரீ எம், அதன் ரேப்புக்காக. முதல் வருசம் ஒரு மலிவுக் கடையில் வாங்கிய பெட்டியில் பிளாஸ்ரிக் பரவாயில்லை, ரேப்தான் பெயருக்கு. காசு மிச்சம் பிடிப்பதென்றால் வேறு எதிலாவது பிடியுங்கள்.

மற்றபடி ஹெயார் ட்ரையர், கத்தரிக்கோல், புதிய பிளேட், அளவு நாடா, மருந்துக்கடையில் விற்கும் ரப்பிங் அல்ககோல், ஒரு மேசைக்கரண்டி. கரண்டி ஏனென்று பிறகு சொல்கிறேன். பெயின்ற் உரிக்கிற ஹீற் கன்னை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நொடியில் ஓட்டை விழும்.

சட்டத்தைத் துடைப்பது

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன், துவாயால் ஒற்றினேன், காய்ந்துவிட்டது என்று நினைத்து ரேப்பை ஒட்டினேன். மரச்சட்டம் ஈரத்தை உள்ளே வைத்திருந்தது. அதோடு குசினிப் பக்கத்து யன்னலில் தாளிக்கிற எண்ணெய்ப் படலம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தேய்த்தால் வழுக்கும். மூன்றாவது, சட்டம் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த, ஈரமான, எண்ணெய்ப் பிசுக்கான மேற்பரப்பில் எந்த ரேப்தான் நிற்கும்?

இப்போது செய்வது இது. முதல் நாளே சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து இரவு முழுக்கக் காய விடுகிறேன். அடுத்த நாள் ரப்பிங் அல்ககோலை வெள்ளைத் துணியில் நனைத்து, துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரைக்கும் துடைக்கிறேன். பிறகு ட்ரையரால் சட்டத்தைச் சுற்றிச் சூடு காட்டுகிறேன், கை வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்கு. அந்தச் சூடு ஆறுவதற்குள் ரேப்.

ரேப்பைக் கண்ணாடி இருக்கும் உள்சட்டத்தில் ஒட்டாதீர்கள். திறந்து மூடும் பகுதியைச் சுற்றித்தான் காற்று கசிகிறது. அதனால் வெளிச்சட்டத்தில், சுவரோடு சேரும் அந்தப் பலகையின் முகத்தில் ஒட்ட வேண்டும். மூலைகளில் ஒரு ரேப் மற்றதன்மேல் ஏற வேண்டும், அரை அங்குல இடைவெளி விட்டாலும் கசிவு அங்கேதான். மேல்தாளை உரிக்காமல், கரண்டியின் முதுகால் முழு நீளத்துக்கும் அழுத்தித் தேயுங்கள். தோள் வலிக்க வேண்டும். பிறகு ஒரு மணித்தியாலம் அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.

பிளாஸ்ரிக்கை ஒட்டுவது

நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூட விட்டு வெட்டுங்கள். பெட்டிக்குள் அது மடிந்து இருக்கும், விரிக்க மறக்காதீர்கள். ஒருமுறை இரட்டையாகவே ஒட்டிவிட்டு, ஏன் இவ்வளவு தடிப்பு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் இருந்தால் நல்லது. பிளாஸ்ரிக் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலேயே வரும்.

மேல் ரேப்பின் தாளை மட்டும் உரித்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமாக ஒட்டுங்கள். பிறகு பக்கங்கள், கடைசியில் கீழ். இறுக்கி இழுக்க வேண்டாம். மத்தளம் மாதிரி இழுத்து ஒட்டினால், சூடு பட்டு அது இன்னும் சுருங்கும்போது ரேப்பையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். என் கட்டிலில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சுருக்கம் விழுந்து அசிங்கமாக இருக்கட்டும்.

இனி ட்ரையர். அதிகச் சூட்டில் வைத்து, பிளாஸ்ரிக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள், தொடக் கூடாது. ஒரு மூலையில் தொடங்கி விளிம்போரம் சுற்றி வந்து, பிறகு நடுப்பகுதி. ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். சுருக்கங்கள் கண் முன்னாலேயே ஓடி மறையும், அயன் பண்ணின வேட்டி மாதிரி. ஒரு நாள் கழித்து, எல்லாம் நிற்கிறது என்று தெரிந்தபிறகு, மிச்ச ஓரத்தைப் பிளேட்டால் வெட்டுங்கள். அவசரப்பட்டு முதலே வெட்டினால், திருப்பி ஒட்டப் பிடிமானம் இருக்காது.

கட்டில் பக்க அறையில் சின்ன வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறேன். ஒட்ட முதல் விடியற்காலையில் 16 பாகை காட்டியது, ஒட்டியபின் 19. பில் எவ்வளவு குறைந்தது என்று கேட்காதீர்கள். ஒரு தை மாதக் குளிர் அடுத்த தை மாதத்தில் இருப்பதில்லை, எதோடு எதை ஒப்பிடுவது?

பிறகு சேர்த்தது

இதை வாசித்துவிட்டுச் செய்த சிலர் எழுதியவற்றிலிருந்து:

ட்ரையரைப் போட்டதும் கரண்ட் போய்விட்டது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். இங்கே சாதாரண பிளக் சுற்று 15 அம்பியர், 120 வோல்ற், அதாவது 1800 வாட். சின்ன ஹீற்றர் 1500, ட்ரையர் இன்னொரு 1500. பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? வேலை முடியும்வரை ஹீற்றரை நிறுத்துங்கள்.

காற்றடிக்கும்போது பிளாஸ்ரிக் உள்ளே ஊதி வருகிறது என்றால் வெளிக்காற்று புகுகிறது. கழற்றி, கசிவை அடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டுங்கள். கண்ணாடிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் நடுவில் தண்ணீர் பூத்தால் கதை வேறு: வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று எங்கோ ரேப் விட்ட இடத்தால் போய்க் கண்ணாடியில் படிகிறது. புட்டு, இடியப்பம் அவித்த கையோடு ஒட்டியவர்களுக்கு இது நிச்சயம். ஒட்ட முதல் பத்து நிமிடம் யன்னலைத் திறந்து வையுங்கள், வெளியே இருக்கிற குளிர்காற்று காய்ந்த காற்று. அப்படியே விட்டால் சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பேஸ்மென்ற் படுக்கையறையில் இருப்பவர்களுக்கு: தீப்பிடித்தால் வெளியேற அந்த ஒரு யன்னல்தான் வழி என்றால் அதில் ஒட்டவே வேண்டாம். யன்னலுக்குக் கீழே ஹீற்றர் இருந்தால், பிளாஸ்ரிக் அதற்கு முன்னால் தொங்காமல் மேலேயே முடிய வேண்டும்.

கழற்றும்போது பெயின்ற் உரிகிறதாம். ஏப்ரலில் ரேப்பை ட்ரையரால் சூடாக்கி, சட்டத்தோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். நேரே வெளியே பிடுங்கினால்தான் உரியும். மிச்சப் பசைக்குக் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவி, ஊற விட்டுத் துடைத்தால் போகும். அந்த எண்ணெயை அல்ககோலால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள், கார்த்திகையில் திரும்ப அங்கேதான் ரேப் ஒட்ட வேண்டும்.