பேக்கப் முடிந்ததா என்று சர்வரே மெயில் போடட்டும்

எங்கள் அச்சகத்தின் கணக்கு இருக்கும் லினக்ஸ் கணினி தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் எடுக்கும். எடுக்கிறது என்றுதான் நம்பியிருந்தேன். ஒருநாள் பழைய பில் ஒன்று தேவைப்பட்டுத் திறந்து பார்த்தால், கடைசிக் கோப்பு 19 நாள் பழையது. டிஸ்க் நிறைந்துபோய், பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இரவும் பாதியிலேயே நின்றிருக்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அன்றைக்கே எம்எஸ்எம்டிபி என்ற, மெயில் அனுப்பும் சிறிய நிரலைப் போட்டேன்.

இது மெயில் சர்வர் அல்ல. நாம் கொடுக்கும் கடிதத்தை ஜிமெயில் போன்ற ஒரு சர்வரிடம் சேர்த்துவிடும், அவ்வளவுதான். ஸ்கிரிப்டுக்கு அது போதும். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் எம்எஸ்எம்டிபி-எம்டிஏ பேக்கேஜையும் சேர்த்து நிறுவுங்கள். மெயில் அனுப்ப சென்ட்மெயில் என்ற பழைய நிரலைத் தேடும் நிரல்களுக்கு அது கைகொடுக்கும்.

ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்டு இங்கே செல்லாது. முதலில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, இதுபோன்ற நிரல்களுக்கென்று கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். நாலு நாலாகப் பிரித்துக் காட்டும். இடைவெளி இல்லாமல் சேர்த்து அடியுங்கள்.

அப்புறம் அமைப்புக் கோப்பு. ஹோம் ஃபோல்டரில், பெயர் புள்ளியில் தொடங்கும் எம்எஸ்எம்டிபிஆர்சி. அதில் வரிக்கு ஒன்றாக, ஆங்கில எழுத்தில்: அக்கவுண்ட், ஹோஸ்ட், போர்ட் 587, டிஎல்எஸ் (இணைப்பின் குறியாக்கம்) ஆன், ஆத் ஆன், ஃப்ரம், யூசர், பாஸ்வேர்டு, லாக்ஃபைல். கடைசியில் எந்த அக்கவுண்ட் டிஃபால்ட் என்ற வரி. போர்ட் 465 என்று போட்டால் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸை (சாதாரணமாகத் தொடங்கி, பிறகு குறியாக்கத்துக்கு மாறும் முறை) ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கும். பாஸ்வேர்டு உள்ள கோப்பை மற்றவர்கள் படிக்க முடிந்தால் எம்எஸ்எம்டிபி வேலை செய்ய மறுத்துவிடும். உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் விடும் சிமாட் 600 கட்டாயம்.

எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில்தான். கையால் ஓட்டினால் மெயில் வருகிறது, இரவில் வரவில்லை. காரணம், அந்த வேலை ரூட்டின் (கணினியின் நிர்வாகிக் கணக்கு) கிரானில் இருந்தது. அது ரூட்டின் ஹோமில் கோப்பைத் தேடும், என் ஹோமில் அல்ல. கணினி முழுமைக்குமான அமைப்புகள் இருக்கும் இடிசி ஃபோல்டரில் எம்எஸ்எம்டிபிஆர்சி என்று, முன்னால் புள்ளி இல்லாமல், ரூட்டின் பெயரில் ஒரு பிரதி வைத்தேன். சரியாகிவிட்டது.

ஸ்கிரிப்டில் கடிதத்தை பிரிண்ட்எஃப் கட்டளை கொண்டு எழுதுங்கள். எக்கோ கட்டளை நடந்துகொள்ளும் விதம், கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு ஷெல் மாறும். டூ, சப்ஜெக்ட், பிறகு ஒரு வெற்று வரி, அதன் கீழே செய்தி. அந்த வெற்று வரியை விட்டுவிடாதீர்கள், தலைப்பு எங்கே முடிகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இதை ஒரு பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் குறி) வழியாக எம்எஸ்எம்டிபிக்கு அனுப்பி, மைனஸ் டி சேர்த்தால் முகவரியை டூ வரியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செய்தி தமிழில் என்றால் எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று சொல்லும் கன்டென்ட்-டைப் வரியும் வேண்டும். தமிழ் சப்ஜெக்டைத் தனியாகக் குறியீடு செய்ய வேண்டியிருப்பதால், அதை மட்டும் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன்: முதல் சொல்லே ஓகே அல்லது ஃபெயில்.

பேக்கப் கட்டளை முடிந்த அடுத்த வரியிலேயே அதன் எக்சிட் கோடை (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) ஒரு மாறியில் பிடித்துவையுங்கள். நடுவில் வேறு கட்டளை வந்தால் அந்த எண் மாறிவிடும்.

நல்லபடியாக முடிந்தாலும் மெயில் வரட்டும். காலையில் எதுவுமே வராவிட்டால், கணினியே நின்றிருக்கலாம் என்று போய்ப் பார்ப்பேன். எல்லாம் அமைத்த பிறகு, இல்லாத ஒரு ஃபோல்டரை பேக்கப் எடுக்க வேண்டிய ஃபோல்டராகக் கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். ஃபெயில் மெயில் கைக்கு வந்த பிறகு சரியான ஃபோல்டரைப் போட்டு விடுங்கள்.