சர்வதேச இளம் தந்திக்கருவிப் போட்டிகள்: மேடை ஏறுமுன்பே நடந்துவிடும் தவறுகள்

வயலின், வயோலா, செல்லோ கலைஞர்களுக்கான சர்வதேசப் போட்டிகளில் முதல் சுற்றோடு வெளியேறுபவர்களில் பலர் நன்றாகவே வாசிப்பவர்கள். அவர்களைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் பல மாதங்களுக்கு முன்பு, விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது எடுத்த முடிவுகள்.

முதலில் வயது. மெனுஹின் போட்டி 22 வயது நிரம்பாத வயலின் கலைஞர்களுக்கானது. அதிலேயே 16 நிரம்பாதவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். சிலர் தொடக்க நாளை வைத்துக் கணக்கிடுவார்கள், சிலர் விதிகளில் வேறொரு தேதியைக் குறித்திருப்பார்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் ஓராண்டு சாதகம் செய்வது வீண் வேலை. கடைசி நாள் எந்த ஊர் நேரப்படி முடிகிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

உருப்படிகள்: பெயர் மட்டும் எழுதினால் போதாது

இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். சைக்கோவ்ஸ்கியின் 'ரொக்கோகோ வேரியேஷன்ஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பும் செல்லோ கலைஞர், எந்த வடிவம் என்று சொல்ல மறந்துவிடுகிறார். செல்லோ கலைஞர் ஃபிட்சன்ஹாகன் வேரியேஷன்களின் வரிசையை மாற்றிய வடிவம்தான் அதிகம் வாசிக்கப்படுகிறது; சைக்கோவ்ஸ்கி முதலில் எழுதிய வரிசை வேறு. ஆர்கெஸ்ட்ராவின் மேசையில் ஒன்றும் உங்கள் கையில் இன்னொன்றும் இருந்தால் ஒத்திகை நேரம் அதிலேயே கரைந்துபோகும். லாலோவின் 'சிம்ஃபொனி எஸ்பஞோல்' என்றால் மூன்றாவது மூவ்மென்ட்டான (பகுதியான) இன்டர்மெட்ஸோ உண்டா இல்லையா? சைக்கோவ்ஸ்கி வயலின் கான்செர்ட்டோ (தனிக்கருவியும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) என்றால், கடைசி மூவ்மென்ட்டில் வயலின் ஆசிரியர் ஔவர் செய்த வெட்டுகளோடு வாசிக்கிறீர்களா, முழுமையாகவா? பார்டோக்கின் வயோலா கான்செர்ட்டோவை அவர் முடிக்காமலே இறந்ததால், அதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. படிவத்தில் பதிப்பாளர் பெயரோடு எழுதுவது நல்லது. தேதி தாண்டினால் மாற்ற விடமாட்டார்கள்.

மோட்சார்ட்டின் வயலின் கான்செர்ட்டோக்களுக்கு அவர் எழுதிய கடென்ஸா (ஆர்கெஸ்ட்ரா நிற்க, கலைஞர் தனியாக வாசிக்கும் பகுதி) எதுவும் நம் கைக்கு வரவில்லை. அதனால் யாருடைய கடென்ஸா என்பதையும் குறிப்பிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு வயலின் கலைஞர் யோவாகிம் எழுதியதைப் பலர் எடுப்பார்கள், தப்பில்லை. 1775-இல் எழுதிய ஒரு மூவ்மென்ட்டுக்குள் அடுத்த நூற்றாண்டின் பிரம்ஸ் காலத்துக் கனத்தோடு நீண்ட கடென்ஸாவைச் செருகுவதுதான் உறுத்தும். சொந்தமாக எழுதினால் ஒரு நிமிடத்தை ஒட்டி முடியுங்கள், முடிவு ட்ரில்லுக்கு (இரண்டு சுரங்கள் வேகமாக மாறி மாறி வருவது) முந்தைய நாலு பாரையாவது (தாளக் கட்டத்தையாவது) பியானோ கலைஞரிடம் எழுதிக் கொடுங்கள்.

பகனினியின் கப்ரீஸ் எனும் தனி வயலின் உருப்படிகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒரே வித்தையைக் காட்டும் இரண்டை எடுக்காதீர்கள். ஐந்தாம் கப்ரீஸ் நல்ல உதாரணம். பகனினி குறித்த வில்லடி, ஒரே கீழ்வில்லில் மூன்று சுரங்கள் துள்ள, நான்காவது மேல்வில்லில் வருவது. பலர் அதை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வில்லாக வாசிக்கிறார்கள். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் மூல வில்லடியை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு, மூன்றாவது வரியில் தாளம் ஓடத் தொடங்குவதைவிட இரண்டாவது வழியைச் சுத்தமாக வாசிப்பது எவ்வளவோ மேல்.

நேரக் கணக்கும் உருப்படித் தேர்வில் சேர்ந்ததுதான். 30 நிமிடச் சுற்றுக்கு 29 நிமிட நிகழ்ச்சி ஆபத்து. சுருதி சேர்ப்பது, கைதட்டல், மூவ்மென்ட் இடைவெளி எல்லாம் சேர்ந்தால் நடுவரின் மணி கடைசிப் பக்கத்தில் அடிக்கும். 27-க்குள் அடக்குங்கள். பாக் தனி வயலினுக்கு எழுதிய ஷகோன் மட்டுமே 14, 15 நிமிடம் பிடிக்கும் என்பதை முதலில் கணக்கில் வையுங்கள்.

வீடியோ பதிவு

இப்போது பல போட்டிகளுக்கு உண்மையான முதல் சுற்று இதுதான். விதி அநேகமாக ஒன்றே: ஒரே இடத்தில் நிற்கும் ஒரு கேமரா, வெட்டு ஒட்டு இல்லை, முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். மூவ்மென்ட்டுகளுக்கு இடையில் நிறுத்தலாமா என்பதை மட்டும் தனியாகப் பாருங்கள்.

ஒலியைக் கெடுப்பது கைபேசியின் தானியங்கி ஒலியளவு. மெல்லிய இடத்தை அது தூக்கிவிடும், அழுத்தமான இடத்தை அமுக்கிவிடும். நீங்கள் ஆறு மாதம் பாடுபட்டுக் கொண்டுவந்த பியானிசிமோவும் ஃபோர்டேயும் நடுவரின் காதில் ஒரே அளவில் போய்ச் சேரும். அதை அணைத்துவிட்டு, தனி ரெக்கார்டரில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். மிகச் சத்தமான இடத்தை முதலில் வாசித்துப் பார்த்து, ரெக்கார்டரின் அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். வயலினுக்கு மைக் இரண்டு முதல் மூன்று மீட்டர் தள்ளி, தலைக்குச் சற்று மேலே இருக்கட்டும். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். ஒலியையும் படத்தையும் பொருத்த அது உதவும். வில் ஒரு கணம் முந்தி நகர்ந்தாலும் ஒட்டுவேலையோ என்ற சந்தேகம் எழும்.

எதிரொலி மிகுந்த தேவாலயத்தில் பதிவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெதுவான சரபாந்து அழகாகக் கேட்கும், ஆனால் பல குரல்கள் பின்னிவரும் ஃபியூக்கில் அவை ஒன்றோடொன்று குழம்பிவிடும். பின்னால் எதிரொலி சேர்ப்பது இன்னும் மோசம், பல போட்டிகளில் அது தகுதிநீக்கத்துக்கே காரணமாகலாம்.

பதிவேற்றும்போது யூடியூபில் 'பிரைவேட்' என்று வைத்தால் நடுவருக்குத் திறக்காது. 'அன்லிஸ்டட்' என்று வைக்க வேண்டும். வேறு கணக்கிலிருந்து இணைப்பைத் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பயணமும் கருவியும்

புதுத் தந்திகளை விமானம் ஏறும் முந்தைய நாள் மாற்றுவது பழைய தவறு. செயற்கை உள்ளீடு கொண்டவை நிலைக்கச் சில நாள் ஆகும், குடல்தந்திக்கு இன்னும் கூடுதலாக. ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே மாற்றுங்கள், அதுவும் ஒவ்வொன்றாக. நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் எனும் சிறு மரத்தூண் சாயலாம். சுருதி ஏற்ற ஏற்ற தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் தலை விரற்பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும், அதையும் நிமிர்த்துங்கள். கழற்றிய பழைய தந்திகளை எறியாமல் பெட்டியில் வைத்திருங்கள். மேடைக்கு முன் ஒன்று அறுந்தால், ஏற்கெனவே இழுபட்டு நிலைத்த தந்திதான் சுருதியில் நிற்கும்.

வில்லின் முனையில் யானைத் தந்தம் இருந்தால் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் வழங்கப்படும் இசைக்கருவிச் சான்றிதழ் வேண்டும். கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். எலும்போ பிளாஸ்டிக்கோ என்றாலும் சுங்க அதிகாரிக்குப் பார்த்ததும் வித்தியாசம் தெரியாது; வில் செய்பவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய மேடைகளில் பியானோவின் ஆதார சுரமான ஏ பெரும்பாலும் 442 ஹெர்ட்ஸில் இருக்கும். 440-இலிருந்து வித்தியாசம் எட்டு சென்ட்தான் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), ஆனால் திறந்த தந்தியும் உயர்ந்த நிலைகளும் மாறி மாறி வரும் இடத்தில் காது தடுமாறும். கடைசி மாதம் 442-இலேயே சாதகம் செய்யுங்கள்.

பியானோவோடும் ஆர்கெஸ்ட்ராவோடும்

போட்டி தரும் பியானோ கலைஞரோடு ஒத்திகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை மணி நேரம்தான். முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பார்த்து அதைச் செலவழிக்காதீர்கள். வெட்டுகள், வேக மாற்றங்கள், ஃபெர்மாட்டாவிலிருந்து (சுரத்தை நீட்டி நிறுத்தும் இடம்) வெளியேறும் இடங்கள், இவற்றை மட்டும் எடுங்கள். பீத்தோவன் சொனாட்டா என்றால் கணக்கு வேறு. அதில் பியானோவைப் பக்கவாத்தியமாக நினைப்பதை நடுவர்கள் உடனே கவனிப்பார்கள். அங்கே பாதி நேரத்தைப் பியானோவின் ராகத்துக்கு நீங்கள் எப்படி இடம் விடுவீர்கள் என்பதில் செலவிடுங்கள்.

பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ராணி எலிசபெத் போட்டியின் இறுதிச்சுற்றில் 12 பேரும் வாட்டர்லூவில் உள்ள இசைக்கூடத்தில் தனித்திருந்து, இதுவரை வெளிவராத ஒரு படைப்பை ஒரே வாரத்தில் கற்க வேண்டும். இத்தகைய கட்டாயப் படைப்பில் முதல் நாளே விரல்களை ஓடவிடுபவர்கள் பின்தங்குகிறார்கள். முதல் நாள் முழு ஸ்கோரில் (எல்லாக் கருவிகளின் சுரங்களும் உள்ள பிரதி) யார் உங்களோடு வருகிறார்கள் என்று நிறம் போட்டுப் படியுங்கள். விரல்கணக்கு அதன் பிறகு.

கான்செர்ட்டோவைப் பியானோவோடு மட்டும் பழகியவர் ஆர்கெஸ்ட்ராவின் முன் திணறும் இடம் பெரும்பாலும் தான் பின்னணிக்குப் போகவேண்டிய இடம். மெண்டல்சனின் ஈ மைனர் கான்செர்ட்டோவில் முதல் மூவ்மென்ட்டின் கடென்ஸா முடியும்போது, வயலின் துள்ளுவில்லில் ஆர்பெஜியோவை (ஒரு கோர்வையின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) விடாமல் தொடர்ந்துகொண்டிருக்க, முதன்மை ராகம் ஆர்கெஸ்ட்ராவுக்குத் திரும்புகிறது. கடைசி நாலு பாரில் கலைஞர் சுதந்திரம் எடுத்து வேகத்தை ஏற்றி இறக்கினால், நடத்துநருக்கு எந்த அடியில் கையை இறக்குவதென்று தெரியாது. அந்த இடத்தில் துடிப்பு சீராகி, சத்தம் இறங்கி, ராகம் மேலே கேட்க வேண்டும். ஒத்திகையில் நடத்துநர் 'எங்கிருந்து எடுக்கலாம்?' என்று கேட்டால் முதல் பக்கத்தைச் சொல்லாமல், இந்த மாதிரி இணைப்பின் பார் எண்ணைச் சொல்லுங்கள்.