ஐப்பசிக்கு முன் பழைய ஜீப்பின் அடிப்பக்கம்: வீட்டிலேயே செய்யும் வேலைகள்

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். கல்லணையைத் தாண்டி, வெண்ணாறு வெட்டாறு என்று பிரிந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். இடையில் கிடைக்கிற ஆடி, ஆவணி, புரட்டாசிதான் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கத் தோதான காலம். ஐப்பசி பிறந்துவிட்டால் தரையும் காயாது, அடித்த பெயின்டும் காயாது.

இங்கே சொல்வதெல்லாம் பொலிரோ, டாடா சுமோ, குவாலிஸ் மாதிரி தனிச் சேசிஸும் (பாடியைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பின்சக்கர ஓட்டமும் உள்ள பழைய டீசல் வண்டிகளுக்கு. ஒவ்வொரு வேலையிலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது, போன தண்ணீர் ஏன் வெளியே வராமல் தங்குகிறது.

முதலில் ஜாக்கி. நம் ஊர் களிமண் தரை மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். ஜாக்கி மெல்ல அமுங்கும், ஒரு பக்கமாகச் சாயும். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அங்குல கனத்தில் பலகை வைத்து அதன்மேல் ஜாக்கியை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. இரண்டு ஜாக்கி ஸ்டாண்டைச் சேசிஸுக்குக் கீழே கொடுத்து, முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போடுங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுக்கவே கூடாது. பாரம் ஏறினால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

பின் ஹவுசிங்கில் தண்ணீர்

டெல்டா வண்டிகளில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது இதுதான், அதிகச் செலவு வைப்பதும் இதுதான். வண்டி ஓட ஓட ஹவுசிங் (பின் ஆக்சிலையும் அதன் பல்சக்கரங்களையும் மூடிய, ஆயில் உள்ள இரும்புக் கூடு) சூடாகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, மேலே உள்ள சின்ன பிரீதர் (காற்று போய்வரும் முனை) வழியாக வெளியே போகிறது. அந்தச் சூட்டோடு தண்ணீர் தேங்கிய ரோட்டில் இறங்கினால் ஹவுசிங் சட்டென்று குளிர்கிறது. உள்காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கிறது. பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். பிரீதர் சேறு அடைத்திருந்தால் ஆக்சில் சீல், பினியன் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) உதடுகள் வழியாக இழுக்கும். தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரம் வந்தாலே இது நடக்கும்.

சோதிக்க, வண்டியை ஓர் இரவு சமதரையில் அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கிவிடும். காலையில் வண்டியை எடுக்காமலே கீழ் பிளக்கை அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்த்தி, முதலில் கசிவதைப் பழைய தட்டில் பிடியுங்கள். தெளிந்த தண்ணீர் முத்து முத்தாக வந்தாலோ, ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தாலோ, ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

இறக்குவதற்கு முன் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். கீழ் பிளக்கைக் கழற்றி ஆயிலையெல்லாம் கொட்டிய பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்காவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பிளக்குக்குச் சரியான அளவு ஸ்பேனர் வேண்டும். லூசான ஸ்பேனரில் முனை மழுங்கினால் பிறகு வெல்டரைத்தான் கூப்பிட வேண்டும். முந்தின நாளே துரு இளக்கும் ஆயிலை அடித்து ஊறவிட்டு, சுத்தியலால் பிளக் தலையில் நான்கு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் வரும்.

சோதனை முடிந்ததும் பிளக்கை இறுக்கிக்கொண்டு, 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு இறக்குங்கள். அடியில் படிந்த கசடும் சேர்ந்து வரும். பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது சாதாரணம். நகத்தில் உறுத்துகிற தகடு, பல் துண்டு இருந்தால் கிரவுன் பினியனை (ஹவுசிங்குக்குள் உள்ள பல்சக்கர ஜோடி) பிரித்துப் பார்க்கும் வேலை அது. அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். தண்ணீர் கலந்திருந்த ஹவுசிங்கை ஒரு தடவை சாதாரண இபி 90 ஆயிலால் நிரப்பி, 10, 15 கிலோமீட்டர் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டுத்தான் நல்ல ஆயில் ஊற்ற வேண்டும். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவும் பழக்கம் வேண்டாம். பேரிங்கில் இருக்கிற ஆயில் படலத்தையும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

ஊற்ற வேண்டியது பொதுவாக ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 ஆயில். வண்டிப் புத்தகம் வேறு சொன்னால் அதன்படி. அளவை நிரப்பும் துளையே சொல்லும். சமதரையில் வண்டி நிற்க, துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கினால் போதும். பிளக் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

ஆயில் மாற்றியதோடு விட்டால் அடுத்த மழைக்கு அதே கதைதான். பிரீதரை மேலே கொண்டுபோக வேண்டும். ஹவுசிங் குழாயின் மேல்பக்கத்தில் தொப்பி போட்ட சின்ன பித்தளை அல்லது இரும்பு முனை இருக்கும். சுற்றிலும் கம்பி பிரஷ் போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே கழற்றுங்கள். இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். கழற்றியதை ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குக் கொண்டுபோனால் அதே மரை உள்ள ஹோஸ் நிப்பிள் தருவார்கள். 8 மி.மீ. உள்விட்டமுள்ள, ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் 2 மீட்டர், கிளிப் இரண்டு, ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் ஒன்று. அவ்வளவுதான் சாமான்.

ஹோஸை பிரேக் ஹோஸ் போகும் பாதையிலேயே சேசிஸுக்கு ஏற்றி, அங்கிருந்து பாடிக்குள் டெயில் லாம்ப் பின்பக்கம் வரை கொண்டுபோங்கள். மேல் முனையில் ஃபில்டரைச் செருகி, வாய் கீழே பார்க்கும்படி கட்டிவிடுங்கள். இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, வண்டி பட்டையில் (ஸ்பிரிங் பட்டை) அமர்ந்திருக்கும்போது அளந்து ஹோஸை வெட்டுவது. குழியில் விழும்போது ஹவுசிங் கீழே தொங்கும், ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும். சேசிஸை ஜாக்கியில் தூக்கி ஹவுசிங்கை முழுக்கத் தொங்கவிட்டு, அதற்கு மேல் நாலு விரல் தாராளமாக விட்டு வெட்டுங்கள். மற்றது, ஹோஸ் நடுவில் தொங்கலாக வளைவது. அந்த வளைவில் ஆயிலும் நீரும் தேங்கி அடைத்துக்கொள்ளும். கீழிருந்து மேல்வரை ஏறுமுகமாகவே போக வேண்டும். சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

வைக்கோலும் உளுந்துச் செடியும்

சம்பா அறுவடையிலும் அதன் பிறகு பங்குனி, சித்திரையிலும் ரோட்டில் வைக்கோலும் உளுந்து, பயறுச் செடிகளும் பரப்பிக் கிடக்கும். அதன்மேல் ஓட்டினால் தண்டுகள் ஜாயின்ட் ஷாஃப்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் ஹவுசிங்குக்குப் போகும் சுழல் தண்டு) பிடித்துச் சுற்றிக்கொள்ளும். பினியன் பக்கம் கயிறு திரித்த மாதிரி இறுகி, சீல் உதட்டை அறுக்கும். ஒரு மாதம் கழித்து ஆயில் கசிவதைப் பார்த்து "சீல் போயிடுச்சு" என்பார்கள், அறுத்தது வைக்கோல். சைலன்சர் மேல் சிக்கிய வைக்கோல் தீப்பிடிக்கும், அது இதைவிட ஆபத்து. களம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, குனிந்து பாருங்கள். சைலன்சர் ஆறியபின், சுற்றியதைப் பிரிக்காமல் கருக்கரிவாளால் ஷாஃப்டின் நீளவாக்கில் அறுத்தால் கொத்தாக வந்துவிடும். ரப்பர் சீலில் அரிவாள் படக் கூடாது.

பினியன் சீல் மாற்றும்போது மெக்கானிக் கூட நில்லுங்கள். நட்டைக் கழற்றுவதற்கு முன் நட்டிலும் பினியன் முனையிலும் பிளாஞ்சிலும் பஞ்ச் வைத்து ஒரே நேர்க்கோட்டில் குறி போட வேண்டும், எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ண வேண்டும். திரும்ப அதே குறிக்கு வர வேண்டும். "நல்லா இறுக்கு" என்று இம்பாக்ட் ரெஞ்சை வைத்து அழுத்தினால் உள்ளே நசுங்கும் வளையம் மேலும் நசுங்கி, பேரிங் இறுக்கம் மாறி, ஹவுசிங் ஊளையிடத் தொடங்கும்.

துரு

நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் ஓடும் வண்டிக்குத் துரு இரட்டை வேகம். உப்பளக் காற்று ஒரு காரணம். போர் தண்ணீரில் வண்டி கழுவுவது இன்னொன்று; கடலோர ஊர்களில் பல இடத்தில் அந்தத் தண்ணீரே கரிக்கும். நாக்கில் வைத்துப் பார்த்துக் கரித்தால் அதில் அடிப்பக்கத்தைக் கழுவாதீர்கள். ஆற்றுத் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கொண்டு கழுவுங்கள்.

சேசிஸை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் சொத்தென்று பேசும். பின் பட்டையின் பிராக்கெட், சாக்கிள் (பட்டையின் முனையைத் தாங்கும் இணைப்பு) தொங்கும் இடம், பாடி மவுன்டு ரப்பருக்கு மேல்பக்கம், பின்சக்கர வளைவு, டிரைவர் காலடி மேட்டுக்கு அடி, இவைதான் முதலில் போகும் இடங்கள். சேசிஸ் பெட்டியின் அடியில் வடிகால் துளைகள் உண்டு. வண்டல் அடைத்தால் பெட்டிக்குள் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்தி, தண்ணீர் பீய்ச்சி, கலங்கல் போய்த் தெளிந்து வரும்வரை விடுங்கள். கதவுகளின் அடி விளிம்புத் துளைகளுக்கும் இதே வேலை.

மேல்துரு மட்டும் இருந்தால், உதிரும் துருவைக் கம்பி பிரஷால் எடுத்து, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். பிறகு பாஸ்பாரிக் அமிலம் உள்ள ரஸ்ட் கன்வர்ட்டர் ஒரு கை. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அது கறுத்துக் காய்ந்ததும் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை, அதன்மேல் சேசிஸ் பிளாக் இரண்டு கை. பெட்டிக்குள் பிரஷ் போகாது. நீளக் குழாய் வைத்த கேவிட்டி வேக்ஸ் ஸ்பிரேயைத் துளை வழியாக விட்டு, பின்னால் இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். துருவின் மேலேயே தார் போன்ற அண்டர்கோட்டிங்கைக் கெட்டியாகப் பூசித் தருவார்கள். பார்க்கப் புதிதாக இருக்கும், ஈரம் அடியில் சிக்கி இரும்பைத் தின்னும். கழிவு இன்ஜின் ஆயிலும் வேண்டாம். பட்டை புஷ், பிரேக் ஹோஸ் ரப்பரெல்லாம் ஊறி உப்பும், மண்ணும் வயல் தண்ணீரும் பாழாகும்.

ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்குகிற ஓட்டையைப் புட்டி போட்டு மூடாதீர்கள். அது வெல்டிங் வேலை. வெல்டர் தொடுவதற்கு முன் பேட்டரி இரண்டு முனையையும், டைனமோ ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

எர்த்

மழைக்காலத்தில் செல்ஃப் இழுக்கவில்லை என்றதும் பேட்டரி மாற்றுகிறார்கள். பல தடவை குற்றவாளி, பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் ஒயரின் துருதான். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயத் தண்டிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். கியர் நியூட்ரல். ஒருவர் சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. போல்ட்டைக் கழற்றி இரு பக்கமும் பளபளவென்று தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன்மேல் வேசலின் பூசுங்கள். கூடுதலாக 25 சதுர மி.மீ. செம்பு கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேரே இன்ஜின் பிளாக்குக்கு, அழுத்திப் பொருத்திய லக்குடன் கொடுத்தால் மழைக்காலம் முழுக்க நிம்மதி. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருந்தால் டைனமோ சரி.

முன் பேரிங், டீசல், பிரேக்

கோன் பேரிங்கும் ஸ்பிலிட் பின்னும் உள்ள முன் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) கழற்றி, பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, வீல் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, ரோலர்களின் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்தி ஏற்றுங்கள். பழைய கிரீஸ் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உள் சீலையும் மாற்றுங்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, அருகில் வரும் துளைக்குப் புதுப் பின் போடுங்கள். சக்கரம் ஆடவும் கூடாது, இழுத்துப் பிடிக்கவும் கூடாது.

டீசல் ஃபில்டர் அடியிலுள்ள வடிகாலை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து, கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் பிரிந்து நிற்பது தெரியும். பழைய பம்ப் வண்டியில் காற்று ஏறினால் கைப்பம்பை அழுத்தி, காற்று வெளியேற்றும் ஸ்குரூவில் குமிழி நிற்கும்வரை எடுக்கலாம். மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பை ஒருநாளும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தண்ணீரில் இறங்கும்போது

ஹப் நடுமட்டத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். ஸ்நார்கல் (இன்ஜினுக்கு மேலிருந்து காற்று இழுக்கும் உயரக் குழாய்) போட்டுவிட்டால் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கும் ஆர்சி புக்குக்கும் முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். பாடியை வெட்டித் துளைபோடும் வேலைக்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மேலே சொன்ன பிரீதர் ஹோஸுக்கு எதையும் வெட்டத் தேவையில்லை.

வண்டி தண்ணீருக்குள் நின்றுபோனால் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக் கரைசேர்த்து ஏர் ஃபில்டரைத் திறங்கள். காய்ந்திருந்தால் கோளாறு வேறெங்கோ. நனைந்திருந்தால் ஹீட்டர் பிளக்குகளை, அவை இல்லாத வண்டியில் இன்ஜெக்டர்களைக் கழற்றச் செய்து, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, அதன் பிறகே செல்ஃப் அடித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் வெளுத்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

நிற்காமல் கரையேறிவிட்டால், முதல் அரை கிலோமீட்டர் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து டிரம்மைக் காயவையுங்கள். மறுநாள் காலை டிரம்மைக் கழற்றி வண்டலைத் துடைத்து எடுங்கள். காய்ந்தால் அது லைனிங்கை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.